பாக்கியலட்சுமியின் கீரைக்கட்டு

சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டில் கீரை வாங்கும்போது பாக்கியலட்சுமி கட்டைத் திருப்பி, இலையின் அடிப்பக்கத்தைப் பார்ப்பாள். மற்றவர்கள் தண்டை ஒடித்துப் பார்ப்பார்கள். பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். இவள் மட்டும் இலையை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, டாக்டர் எக்ஸ்ரே படம் பார்ப்பதுபோல் பார்ப்பாள்.

"டீச்சர், புழு இல்ல. நம்பி வாங்குங்க" என்பார் கடைக்காரர் யாக்கூப்.

அவள் தேடியது புழுவை அல்ல. யாக்கூப்புக்கு அவளை டியூஷன் டீச்சராகத்தான் தெரியும். பஃபலோ ரோட்டுக்குப் பின்னால் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கிற அந்த அம்மா, தாவர நோய்களில் முனைவர் பட்டம் வாங்கியவள் என்பது அவருக்குத் தெரியாது. அவளாகச் சொன்னதும் இல்லை.

பாக்கியலட்சுமியின் அப்பா மாசிலாமணி பேருந்து ஓட்டுநர். மார்சிலிங்கில் பிறந்து வளர்ந்தவள் அவள். குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போய், அங்கேயே தங்கி ஆராய்ச்சியும் செய்து பட்டம் வாங்கினாள். அதன்பின் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது. அந்த ஒப்பந்தம் நடந்துகொண்டிருக்கும்போதுதான் மகள் நிரஞ்சனா பிறந்தாள். குழந்தைக்கு மூச்சுத்திணறல். மாதத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரியில் கழிந்தது. பாக்கியலட்சுமி விடுப்பில் இருந்தபோதே ஒப்பந்தம் முடிந்தது. யாரும் அதைப் புதுப்பிக்கவில்லை. யாரும் அவளைத் துரத்தவும் இல்லை. கூட வேலை பார்த்தவர்கள் குழந்தைக்குச் சட்டை வாங்கிக்கொண்டு வந்தார்கள். "நீங்க ரெஸ்ட் எடுங்க, இப்ப எதையும் யோசிக்காதீங்க" என்றார்கள். அவள் யோசிக்காமல் இருந்த அந்தச் சில மாதங்களில் அவளுடைய மேசைக்கு வேறொருவர் வந்துவிட்டார்.

பிறகு ரித்திக் பிறந்தான். நிரஞ்சனா தேறி, பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் ஓடுகிற அளவுக்கு வந்தாள். பாக்கியலட்சுமி அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. டியூஷன் அவளுக்கு நன்றாகவே வந்தது; பிள்ளைகள் அவளிடம் ஒட்டிக்கொண்டார்கள். கீரைக்கட்டைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் ஒன்றுதான் அவளை விட்டுப் போகவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை யாக்கூப் கடையில் அவளுக்குப் பக்கத்தில் ஓர் இளம்பெண் வந்து நின்றாள். ஏழு மாத வயிறு. தோளில் ஒரு குளிர்ப்பை.

"அண்ணே, கெட்டுப்போன கீரை இருக்கா?"

தன் காதில்தான் ஏதோ கோளாறு என்று யாக்கூப் நினைத்துக்கொண்டார். "இப்பதான்மா வந்து இறங்குச்சு. எல்லாம் ஃப்ரெஷ்."

"ஃப்ரெஷ் வேணாம்ணே. இலைக்கு அடியில வெள்ளை வெள்ளையா கொப்புளம் மாதிரி இருக்கும்ல, அதுதான் வேணும். நீங்க தூக்கிப் போட்டது இருந்தாலும் பரவால்ல."

யாக்கூப்பின் முகம் மாறியது. "என் கடையில அந்த மாதிரிலாம் கிடையாதும்மா. நீங்க யாரு, செக் பண்ண வந்த ஆபீசரா?"

பாக்கியலட்சுமிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தன் கையிலிருந்த தண்டுக்கீரைக் கட்டைத் திருப்பிக் காட்டினாள். உள்ளே இருந்த சில இலைகளின் அடியில் சுண்ணாம்புப் பொட்டு வைத்ததுபோல் வெள்ளைப் புள்ளிகள்.

"வெள்ளைத் துருதானே தேடுற? இந்தா, இதுல இருக்கு."

அந்தப் பெண் கட்டை வாங்கிப் பார்த்தாள். பிறகு பாக்கியலட்சுமியின் முகத்தைப் பார்த்தாள். "உங்களுக்கு எப்படிக்கா இந்தப் பேரு தெரியும்?"

இருவரும் மார்க்கெட்டை ஒட்டிய உணவுக்கடைப் பக்கம் போய் உட்கார்ந்தார்கள். அந்தப் பெண்ணின் பெயர் திவ்யதர்ஷினி. கரூர்க்காரி, கோயம்புத்தூரில் வேளாண்மை படித்து, வெளிநாட்டில் ஆராய்ச்சி முடித்து, இப்போது சிங்கப்பூரில் ஒரு தாவர ஆய்வுக்கூடத்தில் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் இருந்தாள். கணவன் ரமணன் மென்பொருள் வேலை பார்ப்பவன். வெள்ளைத் துரு தாக்காத தண்டுக்கீரை ஒன்றை உருவாக்குவதுதான் அவளுடைய ஆராய்ச்சி. ஆய்வுக்கூடம் கிராஞ்சியில் ஒரு பண்ணையில் அவளுக்குக் கொஞ்சம் நிலம் வாங்கிக் கொடுத்திருந்தது. பல வகைக் கீரைகளை ஒன்றோடொன்று கலந்து விதை எடுத்து வைத்திருந்தாள். அவற்றில் எது நோயைத் தாங்கும் என்பது மழைக்காலத்தில்தான் தெரியும்.

"மழை நவம்பர் கடைசியில ஆரம்பிக்கும். எனக்கு டெலிவரி நவம்பர் முதல் வாரம்" என்றாள் திவ்யதர்ஷினி.

பாக்கியலட்சுமிக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை. சோதனைக்கு வேண்டிய அந்த நோய்க் கிருமி உயிருள்ள கீரையில் மட்டும்தான் வாழும். கண்ணாடித் தட்டில் வளர்த்து, பெட்டியில் பூட்டிவைத்துவிட்டு விடுப்பில் போக முடியாது. ஒரு செடி வாடுவதற்குள் கிருமியை அடுத்த செடிக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது மாதிரிதான். திவ்யதர்ஷினியிடம் இருந்த நோய்ச்செடிகள் போன வாரம் குளிர்சாதனம் பழுதாகிப் பட்டுப்போயிருந்தன. அதனால்தான் கடை கடையாகக் கெட்ட கீரை கேட்டு அலைந்துகொண்டிருந்தாள்.

"உனக்கு லீவு குடுக்கிறாங்கதானே?"

"குடுக்கிறாங்கக்கா. நல்லாவே குடுக்கிறாங்க. செடிக்கு யாரு லீவு குடுப்பா?" அவள் தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டே சொன்னாள். "லேப்ல எல்லாருக்கும் அவங்கவங்க வேலையே தலைக்கு மேல இருக்கு. எங்க பாஸ், ‘பரவாயில்ல, அடுத்த மழைக்குப் பாத்துக்கலாம்'னு சொல்றாங்க. அடுத்த மழை வரும்போது என் கான்ட்ராக்ட் முடிஞ்சிருக்கும்."

பாக்கியலட்சுமி அங்கேயே எதுவும் வாக்குக் கொடுத்துவிடவில்லை. தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டாள். மிச்சமிருந்த கட்டையும் திவ்யதர்ஷினியின் குளிர்ப்பையில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனாள். அன்றைய பாடத்தில் அவள் மனம் நிற்கவில்லை.

மறுநாள் காலை பசியாறும்போது கணவன் கதிரேசனிடம் சொன்னாள். அவன் ரயில் பெட்டிகளைப் பழுது பார்ப்பவன், ஷிஃப்ட் வேலை.

"அந்தப் பொண்ணு லீவுல இருக்கிற வரைக்கும் அவ வேலையை நான் பாத்துக்கலாம்னு இருக்கேன். லேப்ல கேட்டுப் பாக்கணும்."

"டாக்டர் பட்டம் வாங்கிட்டு இன்னொருத்தர் செடிக்குத் தண்ணி ஊத்தப் போறியா?"

"ஆமா."

"டியூஷன்?"

"சனி, ஞாயிறு மட்டும் எடுத்துக்கிறேன்."

கதிரேசன் ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தொட்டுக்கொண்டிருந்தான். "உனக்கு அப்ப இப்படி ஒரு ஆள் கிடைச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்லா" என்றான் கடைசியில். "நான் மார்னிங் ஷிஃப்ட் கேட்டுப் பாக்கிறேன். ரித்திக்க ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வரணும்ல."

ஆய்வுக்கூடத் தலைவி டாக்டர் கோ ஐம்பது வயதைத் தாண்டியவர். குட்டையாக வெட்டிய முடி. பேச்சும் அப்படித்தான், கத்தரித்தாற்போல இருக்கும். பாக்கியலட்சுமியின் பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டுத்தான் அவளைக் கூப்பிட்டிருந்தார்.

"இவ்வளவு காலம் இடைவெளி. என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இரண்டு பிள்ளைகளை வளர்த்தேன். நிறையப் பேருடைய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன்."

டாக்டர் கோ சிரிக்கவில்லை. நோய்ச்செடி ஒன்றையும் நல்ல செடி ஒன்றையும் கொண்டுவரச் சொல்லி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கிருமியை மாற்றிக் காட்டச் சொன்னார். பாக்கியலட்சுமி இலையின் வெள்ளைப் புள்ளிகளைக் குளிர்ந்த நீரில் கழுவி எடுத்தாள். அந்த நீரை நல்ல செடியின் இலையடியில் பூம்பனிபோலத் தெளித்து முடித்தபோது அறையில் டாக்டர் கோ நிற்பதையே அவள் மறந்திருந்தாள்.

வேலை கிடைத்தது. திவ்யதர்ஷினியின் விடுப்பு முடியும் வரை, தற்காலிக உதவியாளராக. அவளுடைய படிப்புக்குக் குறைந்த பதவிதான். பாக்கியலட்சுமி அதைப் பற்றிக் கேள்வி கேட்கவில்லை.

முதல் சில வாரங்கள் அவ்வளவு சுலபமாக இல்லை. கணினியில் அவள் பயன்படுத்திய எல்லாமே மாறியிருந்தன. தன் டியூஷன் பிள்ளைகளைவிடக் கொஞ்சமே பெரியவர்களாகத் தெரிந்த மாணவர்களிடம் போய், "இதை எப்படித் திறக்கிறது?" என்று கேட்க வேண்டியிருந்தது. ஒருநாள் அளவு தெரியாமல் உரத்தை ஊற்றி ஒரு தட்டு நாற்றுகளைக் கருக்கிவிட்டாள். கிராஞ்சிக்குப் போக ரயிலிலிருந்து இறங்கிப் பேருந்துக்காகக் காத்திருக்க வேண்டும். அங்கே பேருந்து எப்போதாவதுதான் வரும். பண்ணை மேற்பார்வையாளர் வடிவேலு அவள் வெயிலில் நிற்பதைப் பார்த்துவிட்டு, கீரை ஏற்றிப் போகும் வேனில் ரயில் நிலையம் வரை கொண்டுவந்து விடத் தொடங்கினார். காலணியில் சேறும் முடியில் கீரை வாசனையுமாக அவள் ரயிலில் ஏறினால், பக்கத்தில் இருப்பவர்கள் சற்றுத் தள்ளி உட்கார்வார்கள். அவளுக்கு அது சந்தோஷமாகவே இருந்தது.

நவம்பரில் திவ்யதர்ஷினிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆதிரை என்று பெயர் வைத்தார்கள். ஒன்றும் கேட்டுத் தொந்தரவு செய்யக்கூடாது என்று பாக்கியலட்சுமி நினைத்திருந்தாள். மூன்றாவது வாரமே திவ்யதர்ஷினி வீடியோவில் கூப்பிட்டுவிட்டாள். மடியில் குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, செடியைக் காட்டுங்க."

"நீ தூங்கலாம்ல?"

"இவ தூங்கவிட்டாத்தானே. காட்டுங்கக்கா, ப்ளீஸ். நாள் முழுக்க நாப்கினைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

பாக்கியலட்சுமி கைபேசியைப் பிடித்தபடி வரிசை வரிசையாக நடந்தாள். பாத்திகளுக்கு இடையே அந்த நடை அதன்பிறகு வாரம் ஒருமுறை வழக்கமாயிற்று. சில நாள் பாதியிலேயே குழந்தை வீறிட்டு அழும், அழைப்பு நின்றுபோகும். அடுத்த நாள் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள்.

அந்த ஆண்டு மழை விடாமல் கொட்டியது. டிசம்பர் பாதியில் கிராஞ்சிப் பாத்திகளில் தண்ணீர் தேங்கி நின்றது. வெள்ளைத் துரு வரிசை வரிசையாகப் பரவிக்கொண்டே போனது. நல்ல வகை என்று பெயர் வாங்கிய கீரைகள்கூடத் தப்பவில்லை. பாக்கியலட்சுமி ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்து, கொப்புளங்களை எண்ணிக் கணினியில் ஏற்றினாள். பள்ளத்தில் இருந்த ஒரு வரிசைக்கு வந்தபோது திருப்பிய முதல் இலை சுத்தமாக இருந்தது. அடுத்ததும் அப்படியே. அவள் சேற்றில் மண்டியிட்டு அந்த வரிசை முழுவதையும் பார்த்தாள். ஓர் இலையில்கூட வெள்ளைப் புள்ளி இல்லை.

கத்த வேண்டும்போல் இருந்தது. குடைக்குக் கீழே நின்றபடி யாருக்கு முதலில் சொல்வது என்று யோசித்தாள். முறைப்படி டாக்டர் கோவுக்குத்தான் சொல்ல வேண்டும். அவள் திவ்யதர்ஷினியைக் கூப்பிட்டாள்.

"எந்த வரிசைக்கா?" திவ்யதர்ஷினியின் குரல் கிசுகிசுப்பாக இருந்தது, குழந்தை தூங்கிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"பள்ளத்துல இருக்குல்ல, நீ சிவப்புத்தண்டோட கலந்தது."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். "நான் அதை வீண்னு நினைச்சேன்கா. விதை மிச்சம் இருந்துச்சேன்னுதான் போட்டேன்."

இதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. பொங்கல் முடிந்து வேலைக்கு வந்த நாளில் டாக்டர் கோ பாக்கியலட்சுமியை அறைக்குக் கூப்பிட்டார். ஆராய்ச்சிக்கு நிதி கொடுக்கும் குழு பிப்ரவரியில் டோபி காட் ரயில் நிலையத்துக்கு அருகே ஓர் அரங்கத்தில் கூடுகிறது. ஒவ்வோர் ஆய்வுக்கூடமும் தன் வேலையை எடுத்துச் சொல்ல வேண்டும். "கீரையைப் பற்றி நீங்கள் பேசுங்கள்" என்றார்.

"அது திவ்யாவின் ஆராய்ச்சி."

"அவள் விடுப்பில் இருக்கிறாள். விடுப்பில் இருக்கும் தாயைக் கூப்பிட்டு வேலை வாங்குவது தவறு. அவளைத் தொந்தரவு செய்யக்கூடாது."

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. பாக்கியலட்சுமி வார இறுதியில் திவ்யதர்ஷினி வீட்டுக்குப் போய் நேரில் பேசிக்கொள்ளலாம் என்று இருந்தாள். அதற்குள் குழுவின் அழைப்பு மின்னஞ்சல் எல்லோருக்கும் போய்விட்டது.

சனிக்கிழமை டியூஷன் சென்டரில் பிள்ளைகள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். குறுகலான மாடிப்படியில் யாரோ மூச்சிரைக்க ஏறிவரும் சத்தம் கேட்டது. நெஞ்சில் துணிப்பையில் குழந்தையைக் கட்டிக்கொண்டு திவ்யதர்ஷினி வாசலில் நின்றாள்.

"அக்கா, நான் சண்டை போட வரல" என்றாள். அவள் கண்கள் ஏற்கெனவே சிவந்திருந்தன. "மெயில்ல உங்க பேரு இருக்கு. என் பேரு எங்கேயும் இல்ல."

"உட்காரு முதல்ல."

"நான் பாத்துப் பாத்துப் பண்ணின கீரைக்கா அது."

"எனக்குத் தெரியாதா? நீ லீவுல இருக்க, தொந்தரவு பண்ண வேணாம்னு டாக்டர் கோ சொன்னாங்க. நாளைக்கு உன் வீட்டுக்கு வந்து பேசலாம்னு இருந்தேன்."

"தொந்தரவா இல்லையான்னு நான்தானே சொல்லணும்? என்னை யாரும் கேக்கவே இல்லையே!"

பாக்கியலட்சுமி எதிரில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நிரஞ்சனா பிறந்தபோது அவள் வீட்டுக்கு வந்தவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அவர்கள் எல்லோரும் நல்லவர்கள்தான். எல்லோரும் அவளைத் தொந்தரவு செய்யாமல்தான் இருந்தார்கள்.

"சரி, இப்ப கேக்கிறேன்" என்றாள். "நீ பேச வர்றியா?"

"வர்றேன். ஆனா இவளை எங்க விடுறது? அம்மா விசா முடிஞ்சு ஊருக்குப் போயிட்டாங்க. ரமணனுக்கு அந்த வாரம் ஜகார்த்தாவுல வேலை."

"நான் வச்சிக்கிறேன்."

"நீங்களும் உள்ள இருக்கணுமேக்கா."

"நீ உள்ள இரு. நான் வெளியில இருக்கேன். எனக்கு பேபி தூக்கி எவ்வளவு வருஷம் ஆச்சு! குடு இப்படி." கைக்கு வந்ததும் ஆதிரை அவள் கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. திவ்யதர்ஷினி அழுதுகொண்டே சிரித்தாள்.

திங்கட்கிழமை பாக்கியலட்சுமி டாக்டர் கோவிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் நெற்றியைச் சுருக்கினார். "அவளாகவே விரும்புகிறாளா?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு அழைப்பில் பெயரை மாற்றச் சொன்னார்.

தைப்பூசம் முடிந்த மறுவாரம் அந்தக் கூட்டம் நடந்தது. டோபி காட் ரயில் நிலையத்திலிருந்து அரங்கத்துக்கு நடந்து போகிற வழியில் திவ்யதர்ஷினி தன் பேச்சை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். பாக்கியலட்சுமி தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அரங்கத்தின் வாசலில் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு, சேலையைச் சரிசெய்துகொண்டு திவ்யதர்ஷினி உள்ளே போனாள்.

குழந்தை கொஞ்ச நேரம் தூங்கியது. கண்ணாடிக் கதவு வழியாகத் திரையில் கீரைப் படங்கள் மாறுவது பாக்கியலட்சுமிக்குத் தெரிந்தது. பிறகு குழந்தை விழித்து அம்மாவைத் தேடி அழ ஆரம்பித்தது. பாக்கியலட்சுமி தோளில் துண்டைப் போட்டு, அதன்மேல் குழந்தையைச் சாய்த்துக்கொண்டு நடைபாதையில் மேலும் கீழும் நடந்தாள்.

கதவு திறந்தது. டாக்டர் கோ வெளியே வந்தார்.

"உள்ளே ஒரு கேள்வி. அந்த வரிசை மேட்டில் இருந்ததால் தண்ணீர் தேங்காமல் தப்பித்திருக்கலாமே என்கிறார் ஒருவர். நிலத்தைப் பார்த்தவர் நீங்கள்தான், நீங்களே சொல்ல வேண்டும் என்கிறாள் திவ்யா." கைகளை நீட்டினார். "குழந்தையை என்னிடம் கொடுங்கள்."

"அழுகிறாளே?"

"அழட்டும். போங்கள்."

டாக்டர் கோ குழந்தையைச் சுடுபாத்திரத்தைத் தூக்குவதுபோல விறைப்பாகத் தூக்கினார். பாக்கியலட்சுமி தோளில் துண்டோடு அப்படியே உள்ளே போனாள். அந்த வரிசை மேட்டில் இல்லை, இருப்பதிலேயே பள்ளமான இடம், தண்ணீர் தேங்கி நின்ற இடம் என்றாள். சந்தேகம் தனக்கும் வந்ததாகவும், அதே விதையை வயலின் வேறு மூலைகளிலும் நட்டுப் பார்த்ததாகவும், அங்கேயும் இலை சுத்தமாகவே இருந்ததாகவும் சொன்னாள். கேள்வி கேட்டவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். "அந்த விதையை உருவாக்கியது டாக்டர் திவ்யதர்ஷினி" என்று சொல்லிவிட்டு, பாக்கியலட்சுமி வந்த வேகத்தில் வெளியே போனாள்.

நடைபாதையில் அழுகை நின்றிருந்தது. டாக்டர் கோ சன்னலோரம் நின்று கீழே போகும் வண்டிகளைக் குழந்தைக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

"என் பையன்கள் இருவரையும் மாமியார் வீட்டில்தான் விட்டிருந்தேன். வார இறுதியில் போய்ப் பார்ப்பேன்" என்றார், திரும்பிப் பார்க்காமல். "வேலை செய்ய வேறு வழி இருக்கிறதென்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை."

நிதிக்குழு ஆராய்ச்சியை மேலும் ஓராண்டு நீட்டித்தது. மார்ச் மாதம் திவ்யதர்ஷினி வேலைக்குத் திரும்பினாள். பாக்கியலட்சுமி தன் மேசையைக் காலி செய்து, முழுநேர டியூஷனுக்குத் திரும்பத் தயாரானாள். அவளுக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் பேசியது அவ்வளவுதானே என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

திரும்பிய முதல் வாரத்திலேயே ஆதிரையை விட்டிருந்த இன்ஃபன்ட் கேர் காப்பகத்திலிருந்து மூன்று முறை அழைப்பு வந்தது. காய்ச்சல், வந்து கூட்டிப்போங்கள். மூன்றாவது முறை அழைப்பு வந்தபோது திவ்யதர்ஷினி கிராஞ்சியில் இருந்தாள். பேருந்து வரவே இல்லை. மறுநாள் காலை அவள் நேராக டாக்டர் கோவின் அறைக்குப் போனாள். தன்னால் லேப், கிராஞ்சி, குழந்தை மூன்றையும் ஒருசேரப் பார்க்க முடியாது, பாக்கியலட்சுமி அக்கா இருந்தால் முடியும் என்றாள். முன்பென்றால் இப்படி நேராகக் கேட்டிருக்கவே மாட்டேன் என்று பிறகு அவளே சொன்னாள்.

"அப்படி ஒரு பதவி நம்மிடம் இல்லை" என்றார் டாக்டர் கோ.

பதவியை உண்டாக்க அவருக்குச் சில வாரங்கள் பிடித்தன. ஏப்ரல் கடைசியில் பாக்கியலட்சுமிக்கு மறுபடியும் அழைப்பு வந்தது. அரைநேர வேலை. இந்த முறை உதவியாளர் இல்லை, ஆய்வாளர். கிராஞ்சி அவளுடைய பொறுப்பு. ஆய்வுக்கூடம் திவ்யதர்ஷினியின் பொறுப்பு. யார் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் மற்றவர் இரண்டையும் பார்த்துக்கொள்வார். மாலையில் நடந்துகொண்டிருந்த வாரக் கூட்டத்தை டாக்டர் கோ காலைக்கு மாற்றினார். காரணம் எதுவும் சொல்லவில்லை.

அடுத்த மழையில் அந்தச் சிவப்புத்தண்டு வகையிலும் சில கொப்புளங்கள் வந்தன. திவ்யதர்ஷினி சோர்ந்துபோனாள். மற்ற வகைகளோடு ஒப்பிட்டால் மிகக் குறைவுதான் என்று இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை வெளியானது. இப்போது கிராஞ்சியில் இரண்டு பண்ணைகள் அந்தக் கீரையைப் பயிரிட்டுப் பார்க்கின்றன.

இதற்கிடையில் இன்னொன்றும் நடந்தது. பக்கத்து ஆய்வுக்கூடத்தில் ஃபரீதா என்ற மலாய்ப் பெண் கர்ப்பமானாள். ஆய்வுக்காக அவள் வளர்த்துவந்த பாசிகளுக்கும் ஆள் தேவைப்பட்டது. "உங்களை மாதிரி வேறு யாரையாவது தெரியுமா?" என்று அவள் பாக்கியலட்சுமியிடம் கேட்டாள். பாக்கியலட்சுமி யோசித்துப் பார்த்தாள். தன்னோடு படித்த கவிப்ரியா நுண்ணுயிரியலில் பட்டம் வாங்கியவள். இரட்டைப் பிள்ளைகள் பிறந்தபின் வீட்டில்தான் இருந்தாள். கூப்பிட்டுக் கேட்டாள்.

"பாசியா? எல்லாம் மறந்து போச்சுடி" என்றாள் கவிப்ரியா.

"கை மறக்காது. நான் கேரண்டி. நாளைக்கே வா, பாத்துட்டுப் போலாம்லா."

கவிப்ரியா வந்தாள். அவளுக்குத் தெரிந்த இன்னொருத்தி, அவளுக்குத் தெரிந்த வேறொருத்தி என்று ஆட்கள் சேர்ந்தார்கள். தமிழ்ப் பெண்கள், சீனப் பெண்கள், மலாய்ப் பெண்கள். எல்லோரும் படித்துவிட்டு, பிள்ளைகளுக்காக விலகியவர்கள். பாக்கியலட்சுமி வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கி, அதற்குக் 'கீரைக்கட்டு' என்று பெயர் வைத்தாள். சீனப் பெண்கள் அர்த்தம் கேட்டார்கள். கீரை தனியாக நின்றால் சாய்ந்துவிடும், கட்டினால் நிற்கும் என்று கவிப்ரியா ஏதோ பெரிதாக விளக்கம் கொடுத்தாள். பாக்கியலட்சுமி அப்படியெல்லாம் நினைத்து வைக்கவில்லை. வேறு பெயர் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

எல்லாமே கைகூடிவிட்டது என்று சொல்ல முடியாது. வந்தவர்களில் ஒருத்தி ஒரே வாரத்தில், "எனக்கு இது சரிப்படாது" என்று போய்விட்டாள். இன்னொரு ஆய்வுக்கூடத் தலைவர், வெளியாட்களைத் தன் கூடத்துக்குள் விடமாட்டேன் என்று மறுத்துவிட்டார். பாக்கியலட்சுமியின் வேலையும் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படுவதுதான். அதற்காக அவள் கவலைப்பட்டுக்கொண்டிருப்பதில்லை. சனி, ஞாயிறு டியூஷனை இன்னும் விடவில்லை. நிரஞ்சனா இப்போது உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டாள். பள்ளியில் அம்மாவின் தொழிலைப் பற்றிப் பேசச் சொன்னபோது, 'என் அம்மா கீரைக்கு நோய் உண்டாக்குகிறார்' என்று தொடங்கி வகுப்பையே சிரிக்கவைத்திருக்கிறாள்.

போன மாதம் ஒருநாள் மதிய உணவு நேரத்தில் பாக்கியலட்சுமி ஆய்வுக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அனுப்ரியா தயங்கித் தயங்கி வந்து எதிரில் உட்கார்ந்தாள். வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆன இளம் ஆராய்ச்சியாளர் அவள். தட்டில் இருந்த சோற்றைக் கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தாள்; வாயில் வைக்கவில்லை.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

அனுப்ரியா சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, நான் ப்ரெக்னன்ட்டா இருக்கேன். இன்னைக்குக் காலையிலதான் தெரிஞ்சுது. ஹஸ்பண்டைத் தவிர யார்கிட்டயும் இன்னும் சொல்லல. எங்க அம்மாவுக்குக்கூடத் தெரியாது."

பாக்கியலட்சுமி கையைத் துடைத்துக்கொண்டு, மேசைக்கு மேலாக நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "கங்கிராட்ஸ் மா. முதல்ல அதைச் சொல்லிடுறேன்."

அனுப்ரியாவின் முகம் அப்போதுதான் மலர்ந்தது. "தேங்க்ஸ்க்கா."

"இப்ப சொல்லு, நீ என்ன வளர்க்கிற?"

"ஈஸ்ட்" என்றாள் அனுப்ரியா. "தினம் பாக்கணும்க்கா. ஒரு நாள் விட்டாலும் கெட்டுப்போயிடும்."

"அதுக்கு ஆள் இருக்கு. நீ முதல்ல சாப்பிடு" என்று சொல்லி, பாக்கியலட்சுமி தன் தட்டிலிருந்த ஊறுகாயை எடுத்து அவள் சோற்றின் ஓரத்தில் வைத்தாள்.